அம்மாவின் பேச்சில் வழி கேட்டேன்

அன்பும் மரியாதையும் மிக்க அம்மாவுக்கு, ஸோயா எழுதுகிறேன். தாஷ்கண்டில் குளிர் தொடங்கியிருக்கும். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே கொரியாவில், குவாங்ஜுவிலேயே வேறு பேட்டைக்குக் குடிவந்திருக்கிறேன். வந்த மறுநாளே வழி தவறிவிட்டேன். கவலைப்படாதீர்கள், சிரிக்கத்தான் எழுதுகிறேன். லேசான காய்ச்சலோடு வேலையிலிருந்து திரும்பும்போது தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மழை வேறு. ‘எங்கே’ என்று கேட்க வகுப்பில் கற்ற ‘ஒடியேயோ’ நாக்கில் வரவே இல்லை. என் புது அறை ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில். ஒரு காய்கறிக் கடையில் நுழைந்து, நம் வீட்டில் நீங்கள் கேட்பது போலவே, “தேவாலயம் ஒடுமே?” என்றேன்.

கடைக்கார அம்மாள் கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு.”

பயந்துகொண்டே சொன்னேன்.

“எங்கப்பா இப்படித்தான் கேப்பாரு. சண்டைல வடகொரியாலேருந்து ஓடிவந்தவரு. அவரு போனப்புறம் இந்தப் பேச்ச நான் கேட்டதே இல்ல. நீ எந்த ஊரு பொண்ணு?”

“உஸ்பெகிஸ்தான்.”

“அட, அவ்ளோ தூரத்துல யாரு உனக்கு இதச் சொல்லிக்குடுத்தா?”

“எங்கம்மா. எங்க முன்னோரும் வடக்கேருந்து அங்க போன கொரியக்காரங்கதான்.”

கடையைச் சாத்திவிட்டு, குடை பிடித்து என் அறை வாசல்வரை வந்தார். காலையில் கஞ்சியும் கொண்டுவந்தார். காய்ச்சல் போய்விட்டது.

நீங்கள் அரைக்கும் கொத்தமல்லிப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். போனில் இனி ரஷ்ய மொழி வேண்டாம், அம்மா. நம் கொரியப் பேச்சிலேயே பேசுங்கள், திட்டினாலும் சரி.

வேலைக்கான வண்டி வந்துவிட்டது. அந்த அம்மாள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

உங்கள் ஸோயா