முப்பத்து மூன்றே போதும் என்றாய்

ஸ்டெல்லா அம்மாவுக்கு,

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. ‘ணை’ போடும்போது கை வழுக்கிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் முடியும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நானா எழுதினேன் என்று தொட்டுப் பார்க்கிறேன், விரலில் மை ஒட்டுகிறது. நீ போன பிறகுதான் மாதா கோயில் கூடத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். இந்தச் சிரிப்பைத் தவிர எனக்கு வேறொன்றும் வருவதில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சாப்பிடுகிறேன், ருசி தெரிவதில்லை. மழை பெய்தால், பெய்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க, உன் மோடத்தை எடுத்து மேலே பாரமாக வைத்திருக்கிறேன். முன்பக்கம் ‘33’ என்று போட்டிருக்கிறது. எண் மட்டும் அதை வாங்கினபோதே எனக்குத் தெரியும், பஸ் பார்த்து ஏறுகிறவன்தானே.

அப்போது நம் பெண் ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ் வேலையில் இருந்தாள், முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. போனில் பேசினால் பாதி நேரம் அழுகையிலேயே போய்விடும். “கம்ப்யூட்டர்ல எழுதும்மா, எத்தினி வாட்டி வேணாலும் எடுத்துப் படிச்சுக்குவேன்” என்றாள். உன் அண்ணன் மகன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். போன் லைனில் ஒரு மோடம் மாட்ட வேண்டும், அது பாண்டிச்சேரியில் இருக்கிற இன்னொரு மோடத்தோடு பேசும், அந்த வழியாகக் கடிதம் போகும் என்று சொல்லிவிட்டுப் போனான். நாம் இரண்டு பேரும் விழுப்புரம் புறப்பட்டோம்.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். “இது ஐம்பத்தாறும்மா. சும்மா பறக்கும்.”

திண்டிவனம் சந்தையில் மாடு பிடித்தே பழகியவன் நான். “ஒண்ண வச்சிக்கினு இன்னா பண்றது? ஜோடியா குடுங்க” என்றேன்.

கடையே சிரித்தது. “இது இன்னா உழவு மாடா, ஜோடி போட?” என்றார் அவர்.

எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. “அவரு கேக்கறதுல இன்னா தப்பு? இதுக்கு ஜோடி பாண்டிச்சேரில கீது. அது எந்த ரகம்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப ஊட்டுக்கு எடுத்தும்போயி ஒரு சால் ஓட்டிப் பாக்கறோம். சேந்து நடக்கலன்னா திருப்பிக்கணும்” என்றாய். வாங்கும் முன் ஏரில் பூட்டி ஒரு சால் உழுது பார்ப்பது மாடு வாங்குகிற வழக்கம். அந்த மனிதர் தலையாட்டிவிட்டார்.

வீட்டில் அது கீச்சென்று கத்தியது, இரைந்தது, ஓய்ந்தது. நீ எழுதிய கடிதம் போகவேயில்லை. அன்று முழுக்க, “வாந்தி நிக்கலன்னு சொன்னாளே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். மறுநாள் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் விழுப்புரம் போனோம்.

அதற்குள் கடைக்காரர் விசாரித்து வைத்திருந்தார். “ஐம்பத்தாறுலயே ரெண்டு ரகம் கீதும்மா. உங்களுது ஒண்ணு, பாண்டிச்சேரில வேற. ஒத்துப்போவலன்னா ரெண்டுக்கும் தெரிஞ்ச வேகத்துக்கு எறங்கணும். உங்க ஊரு லைன் வேற கரகரன்னு கீது, அதுலயும் தடுமாறுது.”

“எல்லாத்தோடயும் ஒத்துப்போறது எது?”

“பழசு. முப்பத்து மூணு. எல்லாரும் வேகம் கேக்கறாங்க, நீங்க ஒருத்தருதான் மெதுவா கேக்கறீங்க.”

“நடுவழில படுத்துக்கற மாட்ட வச்சிக்கினு இன்னா பண்றது? எம் பொண்ணு அங்க தனியா கீறா. போய்ச் சேரணும், அவ்ளோதான். முப்பத்து மூணே போதும்.”

இந்த முப்பத்து மூன்றில் கடிதம் போய்ச் சேர்ந்தது. வாந்திக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி, கேப்பைக் கஞ்சி குடி, பயப்படாதே என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினாய். அவளிடமிருந்து பதில் வந்தது. வயிற்றில் உதைக்கிறது என்று எழுதியிருந்தாள். அதை எனக்குப் படித்துக் காட்டினாய். நீ வேகமாகப் படிக்கக் கூடியவள். எனக்காக ஒரு வரி படிப்பாய், நான் தலையாட்டும்வரை நிற்பாய், பிறகு அடுத்த வரிக்குப் போவாய். பேத்தி பிறந்த செய்தியையும் அப்படித்தான் படித்தாய். அன்று மட்டும் முதல் வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டாய்.

வேகமாகப் போகக்கூடியதுதான் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், மெதுவாகப் போகிற ஒன்றால் அதைக் கூட்டிக்கொள்ள முடியாது. மாட்டை வைத்து அது எனக்கு முன்பே தெரியும். நீ இத்தனை வருஷம் அப்படித்தான் என்னோடு நடந்தாய் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கை மட்டும் நின்று நின்று போகிறது.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்காமல் நீ எதையும் வாங்கியதில்லை. இந்தக் கடிதத்துக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு சால் ஓட்டிப் பார்க்கிறேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மறுபடியும் உட்காருவேன். அதற்குள் ‘ணை’ சரியாகிவிடும். நீ முன்னால் ஓடிவிடாதே. ஒவ்வொரு வரியாகப் படி. நான் வரும்வரை நின்று படி.