பட்டி என்று குறித்த வீடுகள்

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
25-2-2007, ஞாயிறு

அன்புள்ள குமரவேலுக்கு,

சித்தி எழுதுவது. உன் அப்பா, நான், உன் தங்கை தாரிணி மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, அங்கே அந்தக் குளிரிலும் சைக்கிளிலும் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இந்த மாதம் எட்டாம் தேதி, வியாழக்கிழமை மதியம், எங்கள் அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன், மற்ற சேதி எல்லாம் பிறகு. எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் தொலைபேசியில் எல்லோரிடமும் பொதுவாக, வரைபடத்தில் ஒன்பதாம் எண் பற்றி யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். ஒன்பது என்று நாங்கள் குறித்திருப்பவற்றில் பல ஆட்டுப்பட்டிகள் அல்ல, கூரை எரிந்துபோன வீடுகள் என்று நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் ஒன்றும் இல்லை என்று எங்கள் மேலாளர் பத்மநாபன் சார் பதில் சொன்னார், அந்த மனிதர் நன்றி சொல்லி வைத்துவிட்டார், மறுநாள் முழு வரைபடமும் போய்விட்டது.

என் வேலை என்ன என்று நீ துருவிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர்ல மேப் போடறா என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார், அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். செயற்கைக்கோள் எடுத்த படம் எங்கள் திரைக்கு வரும், அதில் தெரிகிற சாலை, ஓடை, கிணறு, வீடு எல்லாவற்றின் மேலும் மவுஸால் கோடு இழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும், ஒரே தளத்தில் இருபத்தாறு பேர் இதைத்தான் செய்கிறோம். நவம்பரிலிருந்து எங்களிடம் இருப்பது சூடான் நாட்டின் மேற்குப் பக்கம், அரசின் ஆதரவோடு ஊர் ஊராக எரிக்கிறார்கள் என்று நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் அதே டார்ஃபூர். எந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், எந்த ஊர் அழிந்தது, அடுத்து எந்தப் பக்கம் காவல் வேண்டும் என்று பார்ப்பதற்காக ஓர் உதவி அமைப்பு இந்த வரைபடத்தைக் கேட்டிருக்கிறதாம். அந்த அமைப்பு ஒரு கம்பெனியிடம் கொடுத்து, அது இன்னொன்றிடம் கொடுத்து, எங்களிடம் வந்தது. கம்பெனியின் பெயரையும் ஊர்களின் எண்களையும் உனக்குக்கூட எழுத மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மின்னஞ்சலை விட்டுத் தாளில் எழுதுவதும் அதனால்தான்.

எதற்கு என்ன எண் என்று சொல்லும் கையேட்டைத் தயாரித்தவர் பத்மநாபன் சார். இங்கே வருவதற்கு முன்பு பதினைந்து வருஷம் அனந்தப்பூர்ப் பக்கத்துக் காட்டு ஊர்களுக்கு நீர்நிலை வரைபடம் போட்டவர், வானத்திலிருந்து பார்த்தே இது வெள்வேலம், இது கருவேலம் என்று பிரித்துச் சொல்வார். தாரிணி பிறந்து ஐந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு நான் வேலை தேடி அலைந்தபோது, நடுவில் ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். அவர் கையேட்டில் கூரையோடு இருக்கும் வட்டம் வீடு, அதற்கு எண் மூன்று. கூரை இல்லாத வெறும் வளையம் ஆடுமாடு அடைக்கிற பட்டி, அதற்கு எண் ஒன்பது. அனந்தப்பூரில் அது சரி, அங்கே வட்டமாகக் கல் அடுக்கி ஆடு அடைப்பார்கள். டார்ஃபூரில் மனிதர்கள் குடியிருக்கும் வீடே வட்டம். மண்சுவர், மேலே புல் கூரை. தீ வைத்தால் கூரை போய்விடும், சுவர் நிற்கும், மேலேயிருந்து பார்த்தால் வளையம். பார்த்ததை வரை, நினைத்ததை வரையாதே என்பது எங்கள் தளத்தின் சட்டம், முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். நாங்கள் வளையத்தைப் பார்த்தோம், ஒன்பது என்று போட்டோம். மூன்று மாதம் போட்டோம்.

முதலில் பிடித்தவள் நஸ்ரின், வாணியம்பாடிப் பெண், என் பக்கத்து இருக்கை, உன் வயதுதான் இருக்கும். ஏழாம் தேதி காலையில் திரையைப் பார்த்துக்கொண்டே, 'என்னக்கா இந்த ஊரு, அறுபத்திரண்டு பட்டி இருக்கு, ஒரு வீடு இல்ல, ஆடெல்லாம் தானே மேய்ஞ்சு தானே கதவு சாத்திக்குதா' என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் சும்மா இருக்காமல் அதே இடத்தின் போன வருஷப் படத்தை எடுத்துப் பார்த்தோம். அறுபத்திரண்டு கூரை இருந்தது. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றித் தட்டினால் கூரை வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. பட்டி என்றால் சாணியால் தரை கறுத்திருக்க வேண்டும், ஆடு நடந்த தடம் வாசலுக்கு வந்து சேர வேண்டும், இரண்டும் இல்லை. ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது, அதை நாங்கள் மண்ணின் நிறம் என்று விட்டிருந்தோம். நஸ்ரின் அதற்குப் பிறகு அன்று முழுவதும் வேடிக்கை பேசவில்லை. மாலையில் நான் பத்மநாபன் சாரிடம் சுற்றி வளைத்து, பட்டின்னா தரை கறுப்பா இருக்கணுமே சார் என்றேன். 'அங்க மண்ணு வேற, வெயில் வேற, நம்ம ஊரு கணக்க அங்க போடக் கூடாதும்மா' என்றார். அந்த வார்த்தையை அவரிடமே திருப்பிச் சொல்லியிருக்கலாம், தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆக வியாழக்கிழமை எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு எழுதுவதால் மழுப்பாமல் எழுதுகிறேன். அன்று காலையில்தான் சார் அந்தக் கம்பெனியின் பாராட்டுக் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டி உஸ்மானியா பிஸ்கட் வரவழைத்திருந்தார், அதைத் தின்ற வாயால் அவர் கையேடே தப்பு என்று வெளியாளிடம் சொல்வதா என்று இருந்தது. ஒரே ஓர் ஊரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோமே, ஆப்பிரிக்காவின் மண் எனக்கு என்ன தெரியும் என்றும் இருந்தது. இரண்டையும் தூக்கிப்போட்டால் மிச்சம் இருப்பது, நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை என்பதுதான். வெளியே வந்ததும் நஸ்ரின், 'மியூட்ல இருந்தது போன் இல்லக்கா, நீங்கதான், கைக்கு அப்படி உக்காந்திருந்தீங்க' என்று அவள் வீட்டு உருதுவைக் கலந்து கேட்டாள், கைக்கு என்றால் ஏன். நீ ஏன் பேசவில்லை என்று கேட்டேன். நான் டிரெயினி, என்னை யார் கேட்பார்கள் என்றாள், அதுவும் நியாயம்தான்.

போன தீபாவளிக்கு நீ போனில் பேசியது நினைவிருக்கிறதா. ஓர் அரசு தன் மக்களையே கொல்கிறது, அல்லது கொல்ல விடுகிறது என்றால் அதைத் தடுக்கும் பொறுப்பு மற்றவர்களுக்கு வருகிறது, ரெண்டாயிரத்து அஞ்சுல எல்லா நாடும் ஒத்துக்கிட்டிருக்கு சித்தி என்றாய். மற்றவர்கள் என்றால் யார் என்று கேட்டேன். 'நீங்க எப்பவும் ஆளோட பேரும் அட்ரஸும் கேப்பீங்க' என்று சிரித்தாய். கேலிக்குக் கேட்கவில்லை, எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. தொண்ணூற்று நாலில் திருச்சியில் எம்.ஏ. படிக்கும்போது ருவாண்டாப் படுகொலைச் சேதி விடுதிக்கு வரும் நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், படித்துவிட்டு மடித்து வைப்பேன். பெரிய நாடுகளின் அதிகாரிகள் இனப்படுகொலை என்ற சொல்லை வாயில் வரவிடாமல் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே, அதனால் வேறு வேறு பெயர் வைத்தார்கள். படித்தபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அவர்கள் தெரிந்தே செய்தார்கள், நாங்கள் முதலில் தெரியாமல் செய்தோம், அந்த வித்தியாசம் இருக்கிறது. ஏழாம் தேதி மதியத்துக்குப் பிறகு என் விஷயத்தில் அந்த வித்தியாசமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் காபி போடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், 'எங்க ஃபேக்டரி லைன்ல ஒரு சர்க்யூட் போர்டு தப்பா போச்சுன்னா பாத்தவ யாரா இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிடலாம், லைன் நின்னுடும். ஒட்டினவள ஒண்ணும் கேக்க மாட்டாங்க, பாத்துட்டு ஒட்டாம போனவளத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. உங்க ஆபீஸ்ல ஏசி மட்டும்தானா, சிவப்புச் சீட்டு கிடையாதா' என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அன்றே போய்ச் சொல்லவில்லை. முழு ஆதாரத்தோடு போக வேண்டும் என்று நினைத்தேன். நானும் நஸ்ரினும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொரு ஊரின் பழைய படத்தையும் எடுத்துப் பார்த்துப் பட்டியல் எழுதினோம், வேலை நேரத்தில் செய்தால் கணினியில் பதிவாகும். வாரம் ஒன்று ஓடிப் பதினாறாம் தேதி ஆகிவிட்டது. இருபத்து மூன்று ஊர், ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு வளையம்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை பட்டியலைச் சாரிடம் கொடுத்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இரண்டு படத்தையும் அவரே மாற்றி மாற்றித் தட்டினார், நான் நிறுத்துங்கள் என்று சொல்லும் வரைக்கும் தட்டினார். 'சூடானப் போய் அனந்தப்பூர் கண்ணால பாத்துட்டேனே ரமணி' என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தப்பு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் திங்கட்கிழமை போனில் நீதான் சொல்ல வேண்டும், கண்டுபிடித்தவள் வாயிலிருந்து வந்தால்தான் நம்புவார்கள் என்றார். கண்டுபிடித்தது நஸ்ரின் என்றேன். அப்படியானால் ரெண்டு பேரும் உட்காருங்க என்றார்.

திங்கட்கிழமை பேசினேன். இங்கிலீஷில் எழுதி வைத்துப் படித்தேன். அந்தப் பக்கம் இருந்தவர் அதே கம்பெனிக்காரர்தான். எத்தனை ஊர் என்று கேட்டார், சொன்னேன். இதை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். நேற்று, முந்தாநாள் என்று ஏதாவது சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை, நஸ்ரின் என் முகத்தைப் பார்த்தாள். ஏழாம் தேதி என்றேன். போன தடவை நாம் பேசியது எட்டாம் தேதி என்றார். ஆமாம் என்றேன். சரி, பட்டியலை இன்றைக்கே அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து இருபத்தாறு பேரும் முதலிலிருந்து பார்க்கிறோம், எரிந்த வீட்டுக்குப் பன்னிரண்டு என்று புது எண். சார் எல்லோரையும்விட வேகமாகப் போடுகிறார். பட்டியலுக்கு இதுவரை பதில் வரவில்லை.

வீட்டுச் சேதி அதிகம் இல்லை. தாரிணி வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள், நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள், கீரையைக் கண்டால் மட்டும் நக்கோ, அதாவது வேண்டாம், என்று இந்த ஊர் இந்தியில் சண்டை. அப்பாவுக்குச் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது, கட்டுப்பாடாகத்தான் இருக்கிறார், போனில் நீயும் ஒரு வார்த்தை சொல். லோத்குண்டா பக்கம் புதிதாக அடுக்குமாடி கட்டுகிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்று ஒரு மாதமாகச் சொல்கிறார், போன பாடில்லை. நீ அனுப்பிய ஆராய்ச்சி அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சர்வதேசச் சமூகம் என்று பத்தொன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒவ்வோர் இடத்திலும் அது எந்த அலுவலகம், எந்த மேஜை, யார் எதைப் பார்த்தார்கள், எத்தனை நாள் கையில் வைத்திருந்தார்கள் என்று எழுத முடிகிறதா பார். முடியாத இடத்தை அப்படியே விடு, ஆனால் முடியவில்லை என்று ஒரு வரி எழுது.

உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம், இந்த வீட்டுக்கு நான் வந்து பதினொரு வருஷத்தில் இது சரி, இது தப்பு என்று உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை, இப்போதும் அதற்காக எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. எடுத்த படிப்பை நல்லபடி முடி, உடம்பும் மனசும் திடமாக இரு, நாங்கள் மூன்று பேரும் உன்னை நினைக்காத நாள் இல்லை. பருப்புப் பொடி டப்பாவை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, சிக்கு வாடை வந்துவிடும். காதுக்குக் குல்லா போடாமல் சைக்கிள் ஓட்டாதே.

எப்போதும் உன் நன்மையை விரும்பும்,
சித்தி
ரமணி

பின்குறிப்பு, மார்ச் 7: மெட்டுகுடா போகும்போதெல்லாம் தபால்தலை வாங்க மறந்து இது பத்து நாளாகப் பையிலேயே கிடந்தது. பதில் வந்துவிட்டது, பட்டியலை ஏற்றுக்கொண்டு மேலே அனுப்பிவிட்டார்களாம், பத்மநாபன் சாரை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுப் புதுப் படங்களும் வந்தன. அந்த இருபத்து மூன்று ஊர்களும் இருக்கும் ஓடைக்கரையிலேயே, அவற்றுக்குத் தெற்கே இன்னோர் ஊர் உண்டு. பிப்ரவரி ஆறாம் தேதிப் படத்தில் அங்கே நாற்பத்து மூன்று கூரை இருந்தது. பதினைந்தாம் தேதிப் படத்தில் ஒன்றும் இல்லை. எட்டாம் தேதியே நான் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரத்தில் யாராவது அங்கே போயிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர் என் பங்கில் வந்தது. நாற்பத்து மூன்று தடவை பன்னிரண்டு என்று போட்டேன்.