இலை உதிர்ந்த மாதத்து அட்டை

ரப்பர் பால் காய்ந்த விரல்களால் எனக்குத் தலை பின்னிவிட்ட என் செல்வியக்காவுக்கு,

கவிதா ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. நம் கடைக்குட்டியின் பிடிவாதம் உனக்குத் தெரியும். தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "குடிக்கச் சொல்லும்மா" என்பாள். அம்மா நடுவில் நின்று, "குடிக்கணுமாம்" என்பாள். நான் குடிப்பேன்.

ஏன் என்று சொல்ல உன்னிடமிருந்து தொடங்க வேண்டும்.

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. பட்டம் வாங்கிவிட்டேன், கேகாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை. பட்டமளிப்புப் படத்தில் சிரிக்கிறேன். சிரித்த ஞாபகம் இல்லை. உன் பால் வெட்டும் கத்தியைக் கேட்டுக் கங்காணி ஐயா வந்தபோது, அதைத் துடைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்தேன். அவ்வளவுதான்.

ரோட்டிலிருந்து நம் லயத்து வீட்டுக்கு ஏறும் வழியில் நீ மூன்று இடத்தில் குனிவாய். ஓடைப் பாலம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பரா, கோயில் படி. "அட்ட ஏறிருச்சுடி" என்று காலைத் தடவுவாய். மழைக்காலத்தில் அது சரி. ஆனால் அந்த மாசியில், ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து, சருகு அப்பளம் மாதிரி நொறுங்கியபோதும் குனிந்தாய். அந்த வறட்சியில் அட்டை ஏது அக்கா? மேட்டு மரங்களை விட்டுப் பள்ளத்து மரங்களைக் கேட்டு வாங்கினாய். அதற்கும் அட்டையைத்தான் காரணம் சொன்னாய். பள்ளத்தில்தானே அட்டை அதிகம்? எல்லாம் பார்த்தேன். "எங்க, காட்டு" என்று மட்டும் கேட்கவில்லை.

கிளினிக்கில் உனக்காகச் சிங்களத்தில் பேசுவது நான்தான். கடைத்தெருவில் உனக்குச் சிங்களம் வரும். டாக்டர் முன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். அந்த மாசியில் ஒரு நாள் கிளினிக் வாசல் பெஞ்சில் என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "மூச்சு வாங்குறதெல்லாம் சொல்லாத. சொன்னா வார்டுல போட்டுருவாங்க. கூட நிக்க நீதான் வரணும். ஒனக்கு பரீட்ச." நடக்கும்போது மேல்மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினாய். "நே டொக்டர்" என்றேன். இல்லை டாக்டர். அவர் எழுதிக்கொண்டார்.

அது கழிந்த மூன்றாவது வாரம் உனக்குக் காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தது. நம் ரத்தத்தில் சிவப்புக் கலங்கள் அரிவாள் போல வளைந்து மெல்லிய குழாய்களில் சிக்குகின்றன என்பது நமக்குப் பழைய செய்தி. கால்வலி, முதுகுவலி என்று அதைப் பழகியிருந்தோம். நுரையீரலிலும் அப்படிச் சிக்கும் என்று அன்றுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். உன் ரத்தத்தை ஒரு பக்கம் எடுத்து, மறுபக்கம் வேறு ரத்தம் ஏற்றினார்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கூட்டைத் தந்தார்கள். உறிஞ்சினால் பந்து எழும்ப வேண்டும். உனக்கு ஒன்றுதான் எழும்பியது. "சின்னப்புள்ள வெளாட்டு" என்று சிரித்து, இன்னொரு தடவை முயன்றாய்.

நுரையீரல் குழாய்களில் அழுத்தம் கூடிப் பல நாளாகியிருந்ததாம். அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போயிருந்ததாம். "முன்னமே தெரிந்திருந்தால் வேறு வைத்தியம் பார்த்திருக்கலாம். காப்பாற்றியிருப்போம் என்று சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதையும் நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தை முதலில் சொன்னேன்.

இப்போது கவிதா. வரக்காப்பொலையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அதே நோய்க்கான கேப்சூலை ஒழுங்காகப் போடுகிறாள், தண்ணீர்ப் போத்தல் கையிலேயே இருக்கிறது. ஆனால் நீ நின்ற அதே மூன்று இடத்தில் அவளும் நிற்கிறாள். அட்டை இல்லை, போன். பாலத்தடியில் நின்று போனைத் தடவுகிறாள். அங்கே சிக்னலே கிடையாது.

போன வியாழன் கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் சொன்னாள்: "நீ வாயத் தொறக்காத. கடையில புதுவருச வியாபாரம். நிறுத்திட்டு வேற ஆளப் போட்டுருவாங்க."

"நான் எப்ப தொறந்தேன்?"

"அதான. அப்படியே இரு."

அவளுக்கு என் உதவி வேண்டியதில்லை. என்னைவிடச் சிங்களம் நன்றாகப் பேசுவாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இவளும் சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார். கம்பஸில் நாலு வருடம் ஒரு கேள்விக்கும் கை தூக்காதவள் நான். "ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று தடவை நிற்கிறாள்" என்றேன். சத்தம் பத்தவில்லை போல. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "எங்கள் அக்காவும் நின்றாள்" என்றேன்.

கவிதா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அன்றைக்கே இதயத்தை எக்கோ படம் எடுத்தார்கள். அழுத்தம் கூடியிருக்கலாம், இதயம் இன்னும் தாங்குகிறது என்றார்கள். கொழும்பில் இதயத்துக்குள் குழாய் விட்டுச் சரியாக அளக்க வேண்டும். கேப்சூல் கூடுகிறது. மாதா மாதம் ரத்தம் மாற்ற வேண்டிவரலாம். எங்கே, எத்தனை தடவை நிற்கிறாள் என்று ஒரு கொப்பியில் குறித்து வரச் சொன்னார் டாக்டர். கொப்பி ஐந்து நாளாக வெறுமையாக இருந்தது. அவள் சொன்னால்தானே?

இது போதுமா, நேரத்துக்குச் சொன்னேனா, தெரியவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ இல்லை.

இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். மூச்சு அடங்கும் வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனை எடுக்கவில்லை. பிறகு, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பாலத்துல நின்னேன். பிள்ளக்காம்பராவுலயும் நின்னேன். கோயில் படியில நிக்கல. எழுதிக்க" என்றாள்.

எழுதினேன். தேதியையும் போட்டேன். நீ போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது இன்றுதான்.

அக்கா, நீ மறைக்கச் சொன்னதை மறைத்தேன். இவள் மறைத்தால் மறைக்க மாட்டேன். இவள் பேசாமல் போனாலும் பரவாயில்லை. பக்கத்தில் நின்று எண்ணுவேன், எண்ணியதைச் சொல்வேன்.

சத்தம் பத்தாவிட்டாலும் திரும்பச் சொல்லப் பழகும்,
உன் நடுத் தங்கச்சி மாலா