உன் விதைநெல்லில் உனக்குத் திதி

என் அருமை அண்ணா,

உன் முதல் வருஷத் திதி போன வாரம் வலியசாலை வீட்டில் குறைவில்லாமல் நடந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பிண்டம் பிடிக்கச் சோற்றைக் கையில் எடுத்ததுமே திக்கென்றது. யுத்தம் முற்றியதில் இப்போது ரேஷன் அரிசிதான். பாதி நொய், பாதி கல், போதாததற்கு நாற்றம் வேறு. இதுவோ மணிமணியாக இருந்தது. நடுவில் எழுந்திருக்க முடியுமா? வைத்து முடித்துவிட்டுத்தான் மச்சுக்கு ஓடினேன். விதைப்பானைகள் காலி.

நீ போன பிறகு நானும் குத்தகைக்காரன் கேசவனும் கரமனை வயலில் ஒரு போகம் விதைத்து, உன்னைப் போலவே நிற்கிற பயிரில் நல்ல கதிருக்கு நூல் கட்டி, தனியாக அடித்து உலர்த்தி நிறைத்த பானைகள் அவை. திதிச் சமையலுக்கென்று அத்தை அத்தனையையும் குத்தி அரிசியாக்கிவிட்டாள்.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணினேள்?" என்று கத்திவிட்டேன்.

"நாத்தம் பிடிச்ச ரேஷன் அரிசியை அவனுக்குப் போடச் சொல்றயா? அவன் பாடுபட்ட நெல்லாக்கும், கேட்டியா. அவனுக்குப் போடாம பின்னே ஆருக்குப் போடறது?"

சொல்லிக்கொண்டே அழுதாள்.

என் ஆபீசில் சொன்னால், "வேற வித்து வாங்கி எலும்பு உரம் போடும் ஓய்" என்கிறார்கள். நல்ல விதை ஒரு தரம் வந்தால் போதுமாம்! ஒவ்வொரு அறுப்பிலும் பொறுக்காவிட்டால் பழைய கலப்புதான் என்று எத்தனை பேரிடம் தொண்டை வற்றப் பேசினாய்? யார் கேட்டார்கள்? குத்தகைப் பாட்டம் அளக்கிற பறை மரக்காலுக்கு எல்லா நெல்லும் ஒன்று. முதல் கதிர் கோயிலுக்கு, நல்லது பாட்டத்துக்கு, மிஞ்சியது விதைக்கு. இப்படியிருந்தால் நெல் எப்படித் தேறும்? பக்தியும் பாசமும் சேர்ந்தே அதைக் கெடுக்கின்றன. ஊரைச் சொல்லி என்ன, நம் வீட்டு அடுக்களையிலேயே நடந்துவிட்டதே.

கேசவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "இனி எந்து செய்யும், சாமி?" என்று என்னைக் கேட்கிறான். நீ முன்பு கொடுத்த நெல் அவன் சொந்த வயலில் மற்றதோடு கலந்து நிற்கிறது. அதிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். எத்தனை வருஷம் ஆகுமோ?

அறுப்புக்கு முன்னால் நானே சேற்றில் இறங்கி நூல் கட்டுவேன். கோயிலுக்குக் கதிர் போவதற்கு முன்பே விதைக்கு எடுப்பேன்; யார் ஏசினாலும் சரி. அண்ணா, அடுத்த திதிக்கு உனக்கு ரேஷன் அரிசிதான். கல் பொறுக்கிப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் நெல்லை இனி உனக்குக்கூடத் தராத
உன் தம்பி,
வைத்தி