சிலிண்டருக்குள் இறங்காத தோட்டாக்கள்

நேற்று ஆற்றுக்கு அக்கரையில், தாகேதாவில் உங்கள் கடை வாசலைக் கடந்தபோது கால் நின்றுவிட்டது. பின்கட்டில் உன் தம்பி மீன்வலைக்கு ஈயக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தான். உருகிய ஈயமும் அதில் போட்ட மெழுகும் சேர்ந்து எழுப்பும் அந்த வாடை தெருவுக்கே வந்தது. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். எனக்கு நகர மனம் வரவில்லை. போன மழைக்காலத்தில் நீ இறந்தபிறகு, உன்னை இவ்வளவு கிட்டத்தில் உணர்ந்தது நேற்றுதான்.

துப்பாக்கி சுடும் சங்கத்தில் நாம் இரண்டு பேர்தான் தமிழ்ப் பெண்கள். நான் தின்கன்ஜூனிலிருந்து பஸ் மாறி வருவேன். நீ ஆற்றைத் தாண்டித் தம்பியின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவாய். உன் அம்மா பர்மாக்காரர் என்பதால், தமிழில் தொடங்கும் உன் வாக்கியம் பாதியில் பர்மிக்குத் தாவிவிடும். ஓயாமல் பேசுகிறவள் நீ. ரிவால்வரைக் கையில் எடுத்தால் மட்டும், இவள்தானா அவள் என்று கேட்கும்படி அமைதியாகிவிடுவாய்.

அந்த வருடம் வெளியிலிருந்து தோட்டா வருவது நின்றுபோனது. தேசியப் போட்டிக்குச் சங்கத்திலிருந்து ஒருவரை அனுப்பத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் தன் கண்முன்னால் மட்டும்தான் என்று ஆயுத அறைப் பொறுப்பாளர் ஊ தின் அனுமதித்தார். வலைக்கு ஈயம் வார்த்துப் பழகிய கை என்பதால் குண்டு வார்ப்பது உன் வேலையானது. அதைக் கூட்டில் வைத்துக் கைப்பிரஸ்ஸில் அழுத்துவது என் வேலை.

தட்டில் அடுக்கிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தன. சிலிண்டரில் போட்டால் சில உள்ளே போயின; சில நகக்கண் அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ஒன்று துருத்தினாலே சிலிண்டர் மூடாது. கட்டை விரலால் அழுத்தப் போன என் கையை நீ பிடித்துக்கொண்டாய். "முட்டினா தள்ளாதடி. எங்க முட்டுதுன்னு பாரு."

பார்த்தோம். பார்த்துப் பார்த்துச் சண்டைதான் வந்தது. உன் குண்டு பருமன் என்றேன் நான். என் கை கோணல் என்றாய் நீ. தேர்வுக்கு முந்தின நாள் காலைவரை பேசாமலே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். தோட்டா ஒழுங்காக இறங்காவிட்டால் ரிவால்வர் பிரிவில் நம் பெயர்கள் இருக்காது என்று ஊ தின் சொல்லிவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம், வருத்தமாகச் சொன்னார்.

அதன் பிறகுதான் இருவருக்கும் புத்தி வந்தது. சிலிண்டரின் துளைகளைத் தூரிகை விட்டுத் தேய்த்துத் துடைத்தோம். மாற்றமில்லை. வெறும் கூட்டைப் போட்டோம். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆக, கூட்டில் குறையில்லை. உன் குண்டுகளை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். எல்லாம் சரியான அளவு. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீ வெற்றி முகத்தோடு என்னைப் பார்த்தாய்.

பிறகு மருந்தில்லாத வெறும் தோட்டா ஒன்று செய்து, அதன்மேல் மை பூசித் துளையில் விட்டு எடுத்தால், உரசும் இடத்தில் மை அழிந்திருக்கும் என்றாய். மார்க்கர் பேனா காய்ந்து கிடந்தது. நீ கைப்பையைத் துழாவி உன் உதட்டுச் சாயத்தை எடுத்தாய். நல்ல ரத்தச் சிவப்பு. தோட்டா முழுக்கப் பூசினாய்.

எட்டிப் பார்த்த ஊ தின், இது போட்டிக்கா கல்யாணத்துக்கா என்று கேட்டார். நீ நிமிராமலே, வாத்தியாரை அழைப்பதுபோல் சயா என்று அழைத்துப் பர்மியில் சொன்னாய்: "அலங்காரம் முடிஞ்சுது சயா. பொண்ணை வீட்டுக்குள்ளதான் விட மாட்டேங்கறாங்க." அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெளியே எடுத்த தோட்டாவில், கூட்டின் வாய் விளிம்பில் மட்டும் சாயம் வளையமாக அழிந்திருந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம். அங்கே மெல்லிய ஈயச் சீவல் ஒன்று உதடு பிதுங்கினதுபோல் எழும்பியிருந்தது. குண்டை இறக்குவதையும் கூட்டின் வாயை மடக்குவதையும் பிரஸ் ஒரே அழுத்தில் செய்துகொண்டிருந்தது. குண்டு இறங்கி முடிவதற்குள் வாய் மடங்கி, மெத்தென்ற ஈயத்தைச் சீவி வெளியே தள்ளியிருக்கிறது. கூட்டின் வாயையும் நாம் போதுமான அளவு விரித்து வைக்கவில்லை.

வாயை இன்னும் கொஞ்சம் விரித்தேன். முதலில் குண்டை மட்டும் இறக்கினேன். வாயை மடக்குவதைத் தனியாக, பிறகு செய்தேன். அந்தத் தோட்டாவை நீ துளையின் மேல் பிடித்து விரலை எடுத்தாய். டொக்கென்று தானே உள்ளே விழுந்தது. கவிழ்த்தால் தானே வெளியே வந்தது. நாம் கட்டிக்கொண்டு குதித்ததில் மேசை ஆடி, பித்தளைக் கூடுகள் அறை முழுக்க உருண்டோடின. ஊ தின்கூட முட்டிபோட்டு நம்மோடு பொறுக்கினார்.

மறுநாள் நீதான் தேர்வானாய். நான் உனக்கு அடுத்தவள். நீ வார்த்து நான் அழுத்திய தோட்டாக்களால்தான் நீ என்னை ஜெயித்தாய். உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று சொன்னால் நீ நம்பவில்லை. இரண்டு கிண்ணம் மொஹிங்கா மீன் நூடுல்ஸை வாங்கி என் முன்னால் வைத்து, "பொய் சொன்னாலும் சாப்பிடு" என்றாய்.

இப்போதும் சங்கத்தின் சுடும் திடலுக்குப் போகிறேன். தோட்டா போடச் சொல்லிக் குரல் வந்ததும் எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொள்கிறார்கள். தோட்டாக்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டால் எனக்கு மட்டும் வாய் தானாக விரிந்துவிடுகிறது. போன ஞாயிறு, புதிதாக வந்திருக்கும் நடுவர் என்னிடம் வந்து என்ன வேடிக்கை என்று கேட்டார். பக்கத்தில் என் சிநேகிதி நிற்கிறாள் என்றேன். அவர் காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்காவை அழைப்பதுபோல் அமா என்று மரியாதையாக அழைத்துச் சொன்னார்:

"சரி அமா. அவங்களையும் காதடைப்பைப் போட்டுக்கச் சொல்லுங்க. சுட ஆரம்பிக்கலாம்."