மிதந்தவை

அன்புள்ள அப்பாவுக்கு,

கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு இறங்குகிறதா? இங்கே பிரிக்பீல்ட்ஸ் விடுதியில் நான் நலம்தான்.

ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை. கதிர்வீச்சில் டி.என்.ஏ சிதைந்த செல் முதலில் நின்று தன்னைச் சரிசெய்து பார்க்கும். முடியாவிட்டால் தானே செத்து, செல் வளர்க்கும் தட்டின் அடியை விட்டு மிதக்கும். மூன்று மாதமாக நான் மேலே இருந்த திரவத்தைக் கொட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததை மட்டும் எண்ணியிருக்கிறேன். கிள்ளானிலிருந்து வரும் தோழி ஷாமினிதான் கண்டுபிடித்தாள். "செத்ததெல்லாம் சிங்க்ல ஊத்திட்டு, எல்லாம் உயிரோட இருக்குன்னு எழுதுறியா? நல்லா இருக்கு லா உன் சயின்ஸ்!"

நானும் சிரித்தேன். அத்தனை வேலையும் வீண்.

அன்று மாலை, அம்மா அனுப்பிய உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி திறந்தேன். நல்ல செய்தி மட்டுமே உள்ள ஒரே பக்கம். அதன் அடியில் '1/3' என்று இருக்கிறது.

நான் ஓடி வந்துவிடுவேன் என்று பயமா? அல்லது, தெரிந்தும் வரமாட்டேன் என்றா?

ஆய்வக ஏ.சி. குளிர்கிறதென்று என் பழைய ஸ்வெட்டரைக் கேட்டிருந்தேன். அது வேண்டாம். மீதி இரண்டு பக்கங்களை அனுப்புங்கள்.

ஸ்டேஷனில் நின்று எழுதுகிறேன்; ஆய்வகத்துக்குப் போகும் ரயில் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
செழியன்