மருத்துவமனை வாசலில் நீ சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிச் சங்கம் வைத்துப் போராடிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது தூசி எல்லாம் தெரிகிறது என்று என் உயிரை வாங்குகிறார், துடைப்பத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே.

விஷயத்துக்கு வருகிறேன். சங்கம், போராட்டம் என்று அலைகிறவர்களைத் தேடிப் போய், ஏன் இதில் இறங்கினீர்கள், எது உங்களை இழுத்து வந்தது என்று கேட்டுப் புத்தகம் போடுகிற பெண் ஒருத்தி போன மாதம் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். சமையலறை மேசையில் போனை வைத்துப் பதிவு செய்தாள். எனக்குத்தான் மைக்கைக் கண்டால் வாய் நிற்காதே. மருத்துவமனையில் குப்பை அள்ளக் கையுறைகூடக் கொடுக்காத காலம், ஊசி குத்தி வீங்கின விரல்கள், பதினோரு பெண்களாகச் சங்கம் ஆரம்பித்தது, எல்லாம் சொன்னேன். கடைசியில் வழக்கம்போல உன் கதையையும் சொன்னேன். மருத்துவமனை வாசலில் மறியல் நடந்த அன்று ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்க வெயிலில் என் பக்கத்தில் அட்டையைப் பிடித்து நின்று, 'பயப்படாதே அம்மா, நான் இருக்கேன்' என்று சொன்னது, அந்த வார்த்தைதான் என்னை இத்தனை வருஷம் நிற்க வைத்தது என்று. எத்தனை கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து நீ இதைக் கேட்டிருப்பாய்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வழக்கம். ஒருவர் சொன்னதை அப்போது கூட இருந்த இன்னொருவரிடமும் கேட்டுப் பார்ப்பாள், பிறகு டைப் அடித்த தாளைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கித்தான் அச்சுக்குக் கொடுப்பாள். நம் சலவைப் பிரிவு அக்காவிடம் போயிருக்கிறாள். அக்கா உடனே எனக்குப் போன் போட்டு, 'என்னடி கதை விட்டிருக்கே, பாப்பா எங்க அட்டை பிடிச்சா? வீட்டுக்குப் போலாம் வீட்டுக்குப் போலாம்னு உன் கையைப் பிடிச்சு இழுத்தா, நீ ஒரு அறை விட்டே, நான்தான் தூக்கிட்டுப் போய்த் தூங்க வச்சேன்' என்றாள். உனக்குத்தான் வயசாகி மறந்துவிட்டது என்று அவளிடம் சண்டை பிடித்துப் போனை வைத்துவிட்டேன். அப்பாவைக் கேட்டேன். அன்று சாயங்காலம் உன் கன்னத்தில் விரல் தடம் இருந்தது என்றார். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றால், 'கூட்டத்துக்கு அந்தக் கதை தேவையா இருந்துச்சு' என்கிறார்.

பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, கண்ணு. முதல் கூட்டத்தில் பயந்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஏதோ சேர்த்தேன், கை தட்டினார்கள், சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததாகிவிட்டது. நீ அழுவதைப் பார்த்தால் மற்றவர்களும் பிள்ளைகளை நினைத்துக் கலைந்துவிடுவார்களே என்று பயந்துதான் உன்னை அடித்தேன். அடித்தது போதாதென்று, உன் அழுகையையும் பிடுங்கிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். நீ ஒரு தடவைகூட எழுந்து, அப்படி இல்லை என்று சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

நேற்று அவள் தாளோடு வந்தாள். உன் பகுதியைக் கோடு போட்டு அடித்துவிடச் சொன்னேன், அடிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன், உன்னை அறைந்ததையும் சேர்த்து. ஆனால் கன்னம் உன்னுடையது, நீ சம்மதித்தால்தான் கையெழுத்துப் போடுவேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுது, கிழித்துப் போட்டுவிடுகிறேன், காரணம் கேட்கமாட்டேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே, உன் பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. எழுதக் கஷ்டமாக இருந்தால் போன் செய். எவ்வளவு நேரமானாலும் நீயே பேசு, நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா